நாலாவது போர்டில் யார்?

செஸ் கேள்வி – பதில்

போன இதழில், ‘ஊர் கிளப்கள் ஒன்றுசேர்ந்து அணிப் போட்டி நடத்தினால் என்ன?’ என்று பதிலின் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தேன். அந்த வரிக்கு வந்த கடிதங்களே கத்தையாகச் சேர்ந்துவிட்டன. கார்ல்சன் எப்போது ஓய்வு பெறுவார், சிசிலியன் தொடக்க ஆட்டத்துக்கு எது மருந்து போன்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை அணிப் போட்டி மட்டும். அணிக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு போர்டு; நாலு ஆட்டமும் சேர்ந்தது ஒரு மேட்ச்.

எங்கள் தாலுகாவைச் சுற்றி ஆறு கிளப்கள் இருக்கின்றன. நாக் அவுட் வைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறார் ஒருவர். ஸ்விஸ்தான் முறை என்கிறார் இன்னொருவர். எது சரி? — வங்கி ஊழியர், தேனி

இரண்டும் வேண்டாம். ஆறு அணி என்றால் கண்ணை மூடிக்கொண்டு லீக் வையுங்கள். எல்லோரும் எல்லோருடனும் ஒருமுறை, ஐந்து ரவுண்டு.

நாக் அவுட்டில் மூன்று அணிகள் பதினோரு மணிக்கே வெளியே போய்விடும். வேன் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பினால் அடுத்த வருடம் அழைப்பிதழைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஸ்விஸ் முறை (ஏறக்குறைய ஒரே பாயின்டில் இருப்பவர்களை ரவுண்டுக்கு ரவுண்டு மோதவிடுவது) அணிகள் ஏராளமாகவும் நாட்கள் குறைவாகவும் இருக்கும் இடத்துக்கு. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் (நாடுகளின் அணிப் போட்டி) ஓபன் பிரிவில் மட்டும் 180க்கு மேற்பட்ட அணிகள். 11 ரவுண்டில் முடிக்க ஸ்விஸ்ஸை விட்டால் வழியில்லை. உங்களுக்கு என்ன அவசரம்?

யாருக்கு யார் என்று பேரிங் போட கம்ப்யூட்டர்கூட வேண்டாம். குலுக்கல் போட்டு அணிகளுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுங்கள். பெர்கர் அட்டவணை இதுதான், வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டிக்கொள்ளலாம்:

ரவுண்டு 1: 1–6, 2–5, 3–4
ரவுண்டு 2: 6–4, 5–3, 1–2
ரவுண்டு 3: 2–6, 3–1, 4–5
ரவுண்டு 4: 6–5, 1–4, 2–3
ரவுண்டு 5: 3–6, 4–2, 5–1

முதலில் எழுதியிருக்கும் அணிக்கு 1, 3 போர்டுகளில் வெள்ளை. 2, 4இல் கறுப்பு. எதிரணிக்கு அப்படியே தலைகீழ். ஐந்து அணிதான் தேறியது என்றாலும் இதே அட்டவணைதான். 6ஆம் எண் வருகிற இடத்தில் அந்த ரவுண்டு ‘பை’ (எதிரணி இல்லை) என்று போட்டுவிடுங்கள்.

ஏதாவது ஒரு கிளப்பிலிருந்து ஏ, பி என்று இரண்டு அணிகள் வந்தால் மட்டும் குலுக்கலில் கொஞ்சம் கையை வையுங்கள். இரண்டுக்கும் 2, 5 என்று எண் கொடுத்தால் முதல் ரவுண்டிலேயே மோதிவிடுவார்கள். கடைசி ரவுண்டுக்கு விட்டுவைத்தால், ஏ அணிக்குக் கோப்பைக்கு எத்தனை பாயின்ட் தேவையோ அத்தனையை பி அணி தட்டில் வைத்துத் தந்தது என்று ஊர் பேசும். அவர்கள் நேர்மையாக ஆடியிருந்தாலும் பேசும்.

நேரம்: 25 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல். 60 நகர்த்தல் போனாலும் ஒருவருக்கு 35 நிமிடம், இருவருக்குமாக 70 நிமிடம். காலை பத்து மணிக்கு ஒன்று, சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு ஒன்று. இரண்டு ஞாயிறுகளில் நாலு ரவுண்டு. மூன்றாவது ஞாயிறு கடைசி ரவுண்டும் பரிசளிப்பும். மூன்று ஞாயிறும் மூன்று வேறு ஊர்களில் இருக்கட்டும். மொத்தம் 12 போர்டு, 12 கிளாக். கிளப்புக்கு இரண்டு செட் என்றால் கணக்கு சரியாக வரும். ஆனால் மூன்று கொண்டுவரச் சொல்லுங்கள். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் ஒரு யானை குறையும், ஒரு கிளாக் மூச்சு விடாது. என் பையில் எப்போதும் நாலைந்து பேட்டரியும் இரண்டு உதிரி ராணியும் கிடக்கும்.

4–0 என்று ஜெயித்த அணிக்கும் 2½–1½ என்று தட்டுத்தடுமாறி ஜெயித்த அணிக்கும் ஒரே 2 பாயின்டா? இது என்ன நியாயம்? — அச்சக உரிமையாளர், சிவகாசி

நியாயம்தான். ஒலிம்பியாடிலேயே நெடுங்காலம் உங்கள் கட்சிதான் ஆட்சி. 1927இல் லண்டனில் தொடங்கியபோது கேம் பாயின்டை, அதாவது ஒவ்வொரு போர்டிலும் எடுத்த பாயின்டைக் கூட்டித்தான் ஹங்கேரிக்குத் தங்கம் கொடுத்தார்கள். 2008 டிரெஸ்டனில்தான் மேட்ச் பாயின்ட் முதலிடத்துக்கு வந்தது. மேட்சை ஜெயித்தால் 2, சமன் என்றால் 1.

கேம் பாயின்டை மட்டும் கூட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ‘அ’ அணி உங்களிடம் 1½–2½ என்று தோற்கிறது. அடுத்து, புதிதாகக் கிளம்பிய ஒரு பள்ளி அணியை 4–0 என்று துவைக்கிறது. மொத்தம் 5½. நீங்கள் அதே பள்ளி அணியை 2½–1½ என்று ஜெயித்தால் உங்களுக்கு மொத்தம் 5. இரண்டையும் ஜெயித்த நீங்கள் கீழே, உங்களிடம் தோற்றவர் மேலே. கோப்பையை யார் ஜெயிப்பது என்பதை அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எவ்வளவு மோசமாகத் தோற்றார்கள் என்பது முடிவு செய்யும். அதற்கா போட்டி?

மேட்ச் பாயின்ட் முதலில். அது சமமானால் கேம் பாயின்ட். அப்போது 4–0க்கும் மதிப்பு இருக்கும், ஆனால் இரண்டாவதாக. 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் நம் ஆண்கள் அணி 22க்கு 21 எடுத்தது: பத்து வெற்றி, உஸ்பெகிஸ்தானுடன் ஒரு 2–2. வெள்ளி வாங்கிய அமெரிக்கா 17. அந்த மாதிரி வருடங்களில் எந்தக் கணக்கும் ஒன்றுதான். உங்கள் லீகில் அப்படி நடக்காது.

எதிரணி கேப்டன் தன் ஊரின் பெரிய ஆட்டக்காரரை நாலாவது போர்டில் உட்கார வைத்துவிட்டார். முதல் போர்டில் காய் நகர்த்த மட்டும் தெரிந்த ஒருவர். எங்கள் முதல் போர்டுக்காரர் பத்து நிமிடத்தில் ஜெயித்தார். நாலாவது போர்டில் எங்கள் பையன் அழுதுகொண்டே எழுந்தான். இதற்கு விதி இல்லையா? — ‘தோற்ற அணியின் கேப்டன்’, சாத்தூர்

விதி நீங்கள் எழுதினால் இருக்கும், எழுதாவிட்டால் இல்லை. அந்த கேப்டனைத் திட்டி என்ன பயன்? உங்கள் நோட்டீஸில் தேதி, இடம், கொடியேற்றுபவர் பெயர், பரிசு வழங்குபவர் பெயர் எல்லாம் இருந்திருக்கும். போர்டு வரிசை பற்றி ஒரு வரி இருந்திருக்காது.

ஒலிம்பியாடில் வரிசை ரேட்டிங்படி (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் புள்ளி) இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. புடாபெஸ்டில் நம் அணியிலேயே அதிக ரேட்டிங் வைத்திருந்தவர் அர்ஜுன் எரிகைசி. அவர் உட்கார்ந்தது மூன்றாவது போர்டில். முதல் போர்டில் குகேஷ். இருவருக்கும் அந்தந்த போர்டுக்கான தங்கம். தந்திரம் என்று யாரும் குறை சொல்லவில்லை. ஏனென்றால் போட்டி தொடங்கும் முன்பே ஐந்து பேரின் வரிசையைக் கொடுத்தாக வேண்டும், கடைசி ரவுண்டு வரை அது மாறாது. ஒருவர் ஓய்வெடுத்தால் கீழே இருப்பவர்கள் ஒரு படி மேலே ஏறுவார்கள், ரிசர்வ் கடைசி போர்டுக்கு வருவார். அவ்வளவுதான் சுதந்திரம்.

கிளப் லீகுக்கு இன்னும் ஒரு பூட்டு தேவை. ரேட்டிங் உள்ளவர்கள் ரேட்டிங் வரிசையில். இருவருக்கிடையே 100 புள்ளிக்குள் வித்தியாசம் என்றால் மாற்றிக்கொள்ளலாம். ரேட்டிங் இல்லாதவர்கள் அவர்களுக்குக் கீழே. முதல் ரவுண்டுக்கு முன் எழுதித் தந்த பட்டியல் கடைசி வரைக்கும்.

ரவுண்டுக்கு ரவுண்டு யார் ஆடுகிறார்கள் என்ற சீட்டு விஷயத்திலும் கொஞ்சம் கறாராக இருங்கள். ஆட்டம் தொடங்கப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது இரண்டு கேப்டன்களும் நாலு பெயர் எழுதிய சீட்டைத் தர வேண்டும். என் பழக்கம் இது: முதலில் வருகிற சீட்டை நான்காக மடித்து, கேப்டன் எதிரிலேயே சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். இரண்டாவது சீட்டு கைக்கு வந்த பிறகுதான் இரண்டையும் ஒன்றாகப் பிரிப்பேன். ‘சார், அவங்க யாரை எறக்குறாங்கன்னு மட்டும் சொல்லுங்க, நான் உடனே எழுதித் தர்றேன்’ என்று டீ டம்ளரோடு வந்து பக்கத்தில் நிற்பார்கள். டீயை வாங்கிக் குடித்துவிடுவேன். சீட்டு பையில்தான் இருக்கும்.

உங்கள் பையன் விஷயம். நாலாவது போர்டில் உட்காருகிறவருக்காகத்தான் நான் இந்த லீக் பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டு திரிகிறேன். முதல் போர்டுக்காரருக்கு ஆட எங்கும் இடம் உண்டு. சென்னைக்குப் போவார், ஓபன் டோர்னமென்ட் ஆடுவார். தனிநபர் போட்டியில் நாற்பத்தைந்தாவதாக வருகிறவர் ஆடும் ஆட்டத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. அதே ஆள் அணியில் ஆடினால், மற்ற மூன்று போர்டும் முடிந்து 1½–1½ என்று நிற்கும்போது, இரண்டு ஊரும் அவர் தலைக்குப் பின்னால் நிற்கும். அந்தப் பையனை அடுத்த மேட்சிலும் இறக்குங்கள்.

ஃபைனலில் 2–2 ஆகிவிட்டால்? — கல்லூரி மாணவி, மதுரை

லீகில் ஆகட்டும், ஆளுக்கு ஒரு பாயின்ட். ஃபைனல் என்று ஒன்று வைத்தால்தான் தலைவலி.

பலரும் பயன்படுத்துவது பெர்லின் முறை. முதல் போர்டு வெற்றிக்கு 4, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 2, நாலுக்கு 1. டிரா என்றால் அதில் பாதி. அழகாக இருக்கிறதல்லவா? இப்போது ஒரு அணி 1, 4 போர்டுகளை ஜெயிக்கட்டும்; மற்றது 2, 3 போர்டுகளை. 4+1 ஐந்து, 3+2 ஐந்து. மறுபடி சமம்! அடுத்த விதியாக ‘கடைசி போர்டை நீக்கிவிட்டுப் பார்’ என்று எழுதி வைத்திருந்தால் இரண்டாவது அணிக்குக் கோப்பை. ‘முதல் போர்டை ஜெயித்தவருக்கே’ என்று எழுதி வைத்திருந்தால் முதல் அணிக்கு. எதுவும் எழுதி வைக்கவில்லையென்றால் போலீஸ் ஸ்டேஷனில்தான் முடிவு.

இந்த முறைகள் எல்லாவற்றிலும் எனக்கு ஒரே மனக்குறை: நாலாவது போர்டை அரை ஆளாக ஆக்குகின்றன. அதனால் என் ஓட்டு, நிறத்தை மாற்றி நான்கு போர்டிலும் உடனே ஒரு பிளிட்ஸ் (அதிவேக) மேட்ச். 5 நிமிடம், 3 விநாடி. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், கூட்டமும் கலையாது. அதிலும் 2–2 என்றால் பெர்லின். அதிலும் சமம் என்றால் ஆளுக்கு ஆறு மாதம் கோப்பையை வைத்துக்கொள்ளட்டும். டாஸ் மட்டும் போடாதீர்கள். செஸ்ஸில் டாஸ் நிறத்துக்கு மட்டும்தான்.

கேப்டன் ஆடுபவரிடம் பேசலாமா, கூடாதா? எங்கள் ஊரில் ஒருவர் பேசுவதே இல்லை, ஆனால் காதைச் சொறிந்தால் ஒரு அர்த்தம், இருமினால் ஒரு அர்த்தம் என்கிறார்கள். — பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பேசலாம், அளவோடு. ‘டிரா கேளு’, ‘டிராவுக்குச் சம்மதி’, ‘ரிசைன் பண்ணு’: இந்த மூன்றுக்கும் அனுமதி உண்டு. எதிராளி டிரா கேட்கும்போது ‘எடுக்கவா?’ என்று ஆடுபவர் கேட்டால் கேப்டன் ‘எடு’, ‘வேண்டாம்’, ‘உன் இஷ்டம்’ என்று சொல்லலாம். அந்த முடிவு மேட்ச் நிலவரத்தை வைத்து இருக்க வேண்டும். போர்டில் இருக்கும் நிலையைப் பற்றி ஒரு சொல்கூட வரக் கூடாது. ‘வேண்டாம், நீ ஜெயிச்சுட்டு இருக்க’ என்பதில் முதல் சொல் சட்டப்படி சரி, மீதி மூன்றும் குற்றம்.

காது சொறிகிறவருக்கு மருந்து எளிது. கேப்டன் ஆர்பிட்டரின் (நடுவரின்) காதில் விழும்படிதான் பேச வேண்டும் என்று விதி போடுங்கள். நிற்கிற இடமும் தன் வீரர்களின் முதுகுப் பக்கமாக இருக்கட்டும். அவர்கள் திரும்பிப் பார்த்தால்தான் முகம் தெரியும். திரும்பித் திரும்பிப் பார்க்கிறவர் யாரென்று ஒரு ரவுண்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை: ஆடுகிறவர் சட்டைப் பையில் போன் இருந்தால் ஆட்டம் போச்சு, அது ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும். கேப்டனுக்கும் அதே கட்டுப்பாடு. அணைத்து, வாசலில் ஒரு மேஜையில், பெயர் எழுதிய கவரில். அப்பாக்களுடையதும்தான்.

என் மகளுக்குப் பத்து வயது. கிளப்பில் நன்றாக ஆடுகிறாள். ஆனால் அணி என்று வந்தால் எப்போதும் ரிசர்வ். வேனில் போய்விட்டு வேனில் வருகிறாள். — ஒரு தாய், காரைக்குடி

கேப்டன்கள் எல்லோரும் நல்லவர்கள்தான் அம்மா, ஆனால் தோற்கப் பயந்தவர்கள். அவர்களின் நல்ல மனசை நம்பி இருக்க வேண்டாம், விதியை மாற்றச் சொல்லுங்கள்.

2023இல் துபாயில் தொடங்கிய குளோபல் செஸ் லீகைப் பாருங்கள். அணிக்கு ஆறு பேர்: ஒரு நட்சத்திர ஆட்டக்காரர், இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், இளையவருக்கு ஒரு இடம். கார்ல்சனும் ஆனந்தும் ஆடிய போட்டியிலேயே பெண்களின் போர்டுகள்தான் பல மேட்சுகளின் தலையெழுத்தை மாற்றின. ஊர் லீகில் ஐந்து போர்டு வைத்து, ஐந்தாவது போர்டில் 12 வயதுக்கு உட்பட்டவர் மட்டும் என்றோ, ஐந்து பேரில் ஒருவராவது பெண் என்றோ எழுதிவிட்டால் போதும். முதல் வருடம் கிளப்காரர்கள் முணுமுணுப்பார்கள். இரண்டாவது வருடம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் போய் ‘உங்ககிட்ட செஸ் ஆடுற பொண்ணு இருக்கா சார்?’ என்று விசாரிப்பார்கள். ஐந்து போர்டில் இன்னொரு வசதி, ஒரு போர்டாவது டிரா ஆனாலொழிய 2½–2½ வராது.

ஒரு எச்சரிக்கை மட்டும். சின்னவர்களுக்கான போர்டு என்பது குறைந்தபட்சம். உங்கள் மகள் இரண்டாவது போர்டுக்குத் தகுதியானவள் என்றால் அவளை ஐந்தாவதில் முடக்க விடாதீர்கள். ரேட்டிங் வரிசை விதி அவளுக்கும்தான்.

மூன்று பேரோடு ஒரு அணி வந்தால் எந்த போர்டைக் காலியாக விடுவது? — நூலகர், ராஜபாளையம்

சீட்டு தருவதற்கு முன் என்றால் எல்லோரும் மேலே ஏற வேண்டும்; நாலாவது போர்டுதான் காலி. முதல் போர்டைக் காலியாக விட்டுவிட்டு மற்ற மூன்றிலும் பலமாக இறங்குவது பழைய தந்திரம், அனுமதிக்காதீர்கள். சீட்டு கொடுத்த பிறகு ஆள் வரவில்லை என்றால் அந்த போர்டு மட்டும் போகும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையும் எழுதி வையுங்கள். நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, கிளாக் ஓடத் தொடங்கும்போது ஆள் இல்லையென்றால் ஆட்டம் இல்லை. நம் பஸ்களுக்கு அது தாங்காது. 15 நிமிடம் போதும்.

எதிரணியில் நாலாவது போர்டுக்காரர் ஆடாமலே ஒரு பாயின்ட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரோடு அந்த ஊர் கிளப்பில் யாராவது ஒரு நட்பு ஆட்டம் ஆடட்டும். முப்பது கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவர், பாயின்டுக்காக மட்டும் வரவில்லை.

ஸ்பான்சர் கிடைக்கவில்லை. என்ட்ரி ஃபீஸை எவ்வளவு வைக்கலாம்? ரொக்கப் பரிசு இல்லாமல் யாராவது வருவார்களா? — ஜவுளிக்கடை ஊழியர், அருப்புக்கோட்டை

ரொக்கம் வைத்தீர்கள் என்றால்தான் பிரச்சினை. வைத்த மறுநாளே, உங்கள் ஊர் பெயரைப் போட்டுக்கொண்டு உங்கள் ஊரையே பார்க்காத நாலு பேர் வந்து இறங்குவார்கள். சுழற்கோப்பை, ஒவ்வொரு போர்டுக்கும் சிறந்த ஆட்டக்காரருக்கு ஒரு மெடல், போதும். நாலாவது போர்டு மெடல் முதல் போர்டு மெடலின் அதே அளவில் இருக்கட்டும்.

செலவு என்ன பெரிய செலவு? பள்ளிக்கூட ஹாலை ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டால் தருவார்கள். வாட்ச்மேனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். இரண்டு வேளை டீ, ஒரு வடை, மதியம் தக்காளி சாதம். அதைக் கணக்குப் போட்டு ஆறால் வகுத்தால் என்ட்ரி ஃபீஸ்.

ஸ்பான்சர் என்றதும் கம்பெனிகளின் வாசலில் போய் நிற்காதீர்கள். 1983இல் தேசிய அணி சாம்பியன்ஷிப்புக்குப் போன சென்னை கோல்ட்ஸ் அணிக்குப் பணம் கொடுத்தவர் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம். அந்த அணியில் பள்ளிக்கூடப் பையனாக ஆடியவர் விஸ்வநாதன் ஆனந்த். எஸ்.பி.பி. மறைந்த அன்று, 2020 செப்டம்பரில், ‘அவர்தான் எனக்கு முதல் ஸ்பான்சர்’ என்று ஆனந்தே எழுதினார். உங்கள் ஊரிலும் ஒரு டாக்டரோ, மெடிக்கல் ஷாப்காரரோ, சாயங்காலம் கிளப் ஓரமாக நின்று ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகிற ஒரு ஆளோ இருப்பார். அவரிடம் போய், ‘எங்க அணிக்கு வேன் வாடகை மட்டும் கொடுங்க’ என்று கேளுங்கள். தொகையைச் சொல்லிக் கேட்டால் கொடுப்பார்கள். ‘ஏதாவது பார்த்து செய்யுங்க’ என்றால் ஏதாவதுதான் கிடைக்கும்.

உலக சாம்பியன் ஆன பிறகு ஆனந்த் கிளப் அணிக்கெல்லாம் ஆடினாரா? — பள்ளி மாணவன், திண்டுக்கல்

ஆடினாரே. ஜெர்மனியில் பாடன்-பாடன் கிளப்புக்கு. அங்கே புண்டஸ்லிகா என்றால் கால்பந்து மட்டும் இல்லை. செஸ்ஸிலும் உண்டு, அணிக்கு எட்டு போர்டு. வார இறுதியில் ஊர் ஊராகப் போய் ஆடுவார்கள்.

எங்கள் லீக் ஆட்டங்களுக்கு ரேட்டிங் கிடைக்குமா? — மின்வாரியப் பணியாளர், தென்காசி

முன்கூட்டியே மாவட்டச் சங்கத்தின் வழியாகப் பதிவு செய்து, லைசென்ஸ் உள்ள ஆர்பிட்டரை வைத்து, ஆடுகிறவர்கள் எல்லோரும் சங்கத்தில் பதிவு செய்திருந்தால் கிடைக்கும். ஆட்டம் முடிந்த பிறகு போய்க் கேட்டால் கிடைக்காது. நான் மேலே சொன்ன 25 நிமிடம், 10 விநாடி என்பது ரேபிட் (வேக ஆட்ட) ரேட்டிங்கில்தான் சேரும்; நீண்ட நேர ஆட்டத்துக்கான ஸ்டாண்டர்டு ரேட்டிங் வேண்டுமென்றால் நேரத்தைக் கூட்ட வேண்டும், அப்புறம் ஒரு நாளில் இரண்டு ரவுண்டு என்பது இழுபறியாகிவிடும். முதல் வருடம் ரேட்டிங் இல்லாமலே நடத்துங்கள். ரேட்டிங் குறைந்துவிடுமோ என்று வராமல் இருக்கிற முதல் போர்டுக்காரர்கள் ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேராவது உண்டு, அவர்களும் வந்துவிடுவார்கள்.